நூறு காட்டும் பேட்டரியில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது?

நாகர்கோவில் வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள ஒரு மொபைல் பழுதுபார்க்கும் கடையில் கால் மணி நேரம் நின்றால், ஒரே குறை வெவ்வேறு வாய்களிலிருந்து வருவதைக் கேட்கலாம்: இரவு முழுக்கச் சார்ஜ் போட்டும் மத்தியானம் வரை நிற்கவில்லை, இருபது சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்துவிடுகிறது, சார்ஜரைப் பிடுங்கிய கையோடு பத்து சதவீதம் காணாமல் போகிறது. இதற்குக் கிடைக்கும் பதிலும் அநேகமாக இரண்டில் ஒன்றுதான். பேட்டரி போய்விட்டது, மாற்றுங்கள் என்பார்கள். அல்லது போனே பழையது, புதிதாக வாங்கிவிடுங்கள் என்பார்கள். இரண்டும் சரியாக இருக்கலாம், இரண்டும் தவறாகவும் இருக்கலாம். பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை யாரும் அளந்து பார்க்காமலேயே அந்த முடிவு எடுக்கப்படுகிறது என்பதுதான் என் வருத்தம். அளப்பதற்கு வழி இருக்கிறது. பெரும்பாலும் காசு செலவில்லாமலே அளந்துவிடலாம். ஆனால் போன் காட்டும் எண்களில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

திரையின் மேல் மூலையில் தெரியும் சதவீதம் தேய்மானத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நம் மாவட்டத்துக் குளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தூர் வாராத குளம் மழைக்காலத்தில் கரை தொட்டு நிறையும், மறுகாலும் பாயும். ஆனால் அடியில் வண்டல் ஏறிய அளவுக்கு அதில் தண்ணீர் குறைவாகத்தான் இருக்கும். போன் காட்டும் நூறு சதவீதம் கரை தொட்ட மட்டத்தை மட்டுமே குறிக்கிறது. பேட்டரியின் இன்றைய முழுக் கொள்ளளவு எதுவோ அதையே நூறாக வைத்துக்கொண்டு போன் கணக்குப் போடுகிறது. ஆகவே 5000 மில்லி ஆம்பியர் மணி, அதாவது 5000 எம்ஏஎச் என்று வாங்கிய போன், மூன்று ஆண்டுகள் கழித்து 4000 எம்ஏஎச் மட்டுமே கொள்ளும் நிலைக்கு வந்த பிறகும், இரவில் சார்ஜ் போட்டால் காலையில் நூறு என்றுதான் காட்டும். தேய்மானத்தை அறிய வேண்டுமானால் இன்றைய முழுக் கொள்ளளவையும் தயாரித்தபோது இருந்த கொள்ளளவையும் ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. 4000ஐ 5000ஆல் வகுத்தால் 80 சதவீதம். மீதி 20 சதவீதம் தேய்ந்துவிட்டது.

இந்தத் தேய்மானம் ஏன் வருகிறது என்பதைச் சுருக்கமாகவாவது தெரிந்துகொண்டால்தான் அளவீடுகளைச் சரியாகப் படிக்க முடியும். போன்களில் இருப்பது லித்தியம் அயன் வகைப் பேட்டரி. 1991இல் சோனி நிறுவனம் இதை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளமிட்ட ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் நேர்மின்முனையிலிருந்து புறப்பட்டு, கிராஃபைட்டால் ஆன எதிர்மின்முனையின் அடுக்குகளுக்குள் போய்த் தங்குகின்றன. போனைப் பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. இந்தப் போக்குவரத்து முழுமையாக மீளக்கூடியது அல்ல. கிராஃபைட்டின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலம் உருவாகி, அது மெல்ல மெல்லத் தடித்துக்கொண்டே போகிறது. அந்தப் படலத்துக்குள் சிக்கிக்கொண்ட லித்தியம் பிறகு வேலைக்கு வருவதில்லை. கொள்ளளவு குறைவதற்கு முதன்மையான காரணம் இதுவே. படலம் தடிக்கத் தடிக்கப் பேட்டரியின் உள்தடையும், அதாவது மின்னோட்டத்துக்குப் பேட்டரிக்குள்ளேயே எழும் தடையும், கூடுகிறது. இந்த இரண்டாவது விளைவைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

தேய்மானத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பயன்பாட்டால் வருவது. இதைச் சுழற்சி என்று எண்ணுகிறார்கள். ஒரு நாள் 60 சதவீதமும் மறுநாள் 40 சதவீதமும் செலவானால் இரண்டும் சேர்ந்து ஒரு சுழற்சி. சார்ஜரைச் செருகும் ஒவ்வொரு தடவையும் ஒரு சுழற்சி ஆகிவிடும் என்பது தவறான எண்ணம். மற்றது வெறுமனே காலம் கழிவதால் வருவது. போனைத் தொடாமல் வைத்திருந்தாலும் அந்தப் படலம் வளர்ந்துகொண்டிருக்கும், வெப்பமும் நிறைந்த சார்ஜும் சேர்ந்தால் வேகமாக வளரும். பேட்டரித் துறையில் நெடுங்காலமாக எடுத்தாளப்படும் ஓர் அட்டவணை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. முழு சார்ஜோடு ஓராண்டு வைக்கப்பட்ட லித்தியம் அயன் பேட்டரியில் 25 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 80 சதவீதக் கொள்ளளவும், 40 டிகிரியில் 65 சதவீதமும் எஞ்சுகின்றன. அதே பேட்டரியை 40 சதவீத சார்ஜில் வைத்திருந்தால் 25 டிகிரியில் 96 சதவீதமும், 40 டிகிரியில் 85 சதவீதமும் எஞ்சுகின்றன. இன்றைய போன் பேட்டரிகள் இதைவிடச் சற்று மேம்பட்டவையாக இருக்கலாம், ஆனால் போக்கு மாறவில்லை: சூடும் முழு நிறைவும் ஒன்றாகச் சேரக்கூடாது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் அவை ஒன்றாகச் சேரும் இடங்கள் பல. தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகள் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். கரையை விட்டு வெகுதூரம் போனபின் சிக்னல் இல்லை. போன் பாட்டுக்கும் படத்துக்கும் திசை பார்க்கும் செயலிகளுக்கும்தான் பயன்படுகிறது. படகின் பேட்டரியிலிருந்து இழுத்த சார்ஜிங் வயர், எஞ்சினின் சூடு ஏறிக்கிடக்கும் கேபினுக்குள் இருக்கிறது. உப்புநீர் படாமல் இருக்க பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றப்பட்ட போன் அந்த வயரிலேயே நாள் முழுக்கக் கிடக்கிறது. குளச்சலில் ஒரு கடையில் பெரியவர் ஒருவர் பழுதுபார்க்கும் பையனிடம் கேட்டதை இங்கே சொல்வது பொருத்தமாக இருக்கும். “மக்ளே, சார்ஜர்ல இருந்து எடுக்கவே இல்ல பாத்துக்கோ, பின்ன எப்பிடி பேட்டரி போச்சு?” என்றார். “அதனாலதான் மாமா போச்சு” என்றான் அவன். அந்தப் பதில் முழு உண்மை. அவருடைய போன் அதிகச் சுழற்சிகளைக் கண்டிருக்காது. ஆனால் நூறு சதவீதத்தில், சூட்டில், காற்றுப் புகாத உறைக்குள் பல மாதங்களைக் கழித்திருக்கிறது.

சுழற்சி எண்ணிக்கை ஒன்றை மட்டும் பார்த்துப் பேட்டரியை எடைபோடுவது ஏன் தவறு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. பழைய போன் வாங்கும்போது சைக்கிள் கவுண்ட் 150தான், பேட்டரி புதுசு மாதிரி என்று சொல்லப்பட்டால், கூடவே தயாரித்த தேதியையும் கேட்க வேண்டும். 150 சுழற்சி ஓடி ஓராண்டு ஆன பேட்டரியும், அதே 150 சுழற்சியோடு நான்கு ஆண்டுகளைக் கழித்த பேட்டரியும் ஒன்றல்ல.

இனி அளக்கும் வழிகளுக்கு வருவோம். இணையத்தில் அதிகம் பரவியிருக்கும் குறிப்பு, டயல் செய்யும் இடத்தில் *#*#4636#*#* என்று அடித்தால் பேட்டரியின் ஆரோக்கியம் தெரியும் என்பது. பழைய ஆண்ட்ராய்டு போன்களில் அந்தப் பக்கத்தில் பேட்டரி பற்றிய தகவல்கள் இருந்தன. இன்றைய போன்கள் பலவற்றில் அந்தப் பகுதியே நீக்கப்பட்டுவிட்டது. இருக்கும் போன்களில்கூட, ஹெல்த் என்ற வரிக்கு எதிரே ‘குட்’ என்று வருவதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக்கூடாது. ஆண்ட்ராய்டு அந்த இடத்தில் சொல்லக்கூடியவை மிகச் சில நிலைகள்தாம்: பேட்டரி அதிகம் சூடாகியிருக்கிறது, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தில் இருக்கிறது, மிகக் குளிர்ந்திருக்கிறது, செத்துவிட்டது, காரணம் தெரியாத கோளாறு. இவற்றில் எதுவும் இந்த நொடியில் இல்லையென்றால் ‘குட்’ என்று வரும். பாதிக் கொள்ளளவை இழந்த பேட்டரியும் சூடாகாமல் இருக்கும்வரை ‘குட்’தான். தேய்மானத்துக்கும் அந்த வரிக்கும் தொடர்பில்லை. பேட்டரியைச் சரிசெய்து தருவதாகச் சொல்லும் செயலிகள் பலவும் இதே வரியைத்தான் எடுத்துப் பச்சை நிறத்தில் பெரிதாகக் காட்டுகின்றன.

போன் தயாரித்த நிறுவனமே செட்டிங்ஸில் கொடுத்திருக்கும் பக்கம் இதைவிட நம்பகமானது. ஆனால் ஆண்ட்ராய்டில் அது எல்லாருக்கும் பொதுவாக ஒரே இடத்தில் இல்லை. ஐபோனில் 2018இல் வந்த ஐஓஎஸ் 11.3 முதலே பேட்டரியின் அதிகபட்சக் கொள்ளளவு சதவீதமாகத் தெரிகிறது. பழைய பேட்டரி உள்ள போன்களின் வேகத்தை ஆப்பிள் குறைத்துவந்தது 2017 டிசம்பரில் வெளிப்பட்டு எழுந்த எதிர்ப்பின் விளைவு அது. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி செய்கிறது. ஒன்பிளஸ், ஓப்போ, ரியல்மி ஆகியவற்றின் புதிய மாடல்களில் செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குள் பேட்டரி ஹெல்த் என்ற பக்கம் இருக்கிறது. ஷாவ்மி, விவோ நிறுவனங்களும் புதிய மாடல்கள் சிலவற்றில் இதைத் தருகின்றன. சாம்சங்கில் சாம்சங் மெம்பர்ஸ் செயலியைத் திறந்து, போன் பரிசோதனைப் பகுதியில் பேட்டரி நிலையைத் தட்ட வேண்டும். அங்கே பெரும்பாலான மாடல்களில் எண் வராது, நன்று, மோசம் என்பதுபோல ஒரு சொல்தான் வரும். கூகுள் பிக்சலில் பேட்டரி தயாரான தேதியும் சுழற்சி எண்ணிக்கையும் ‘அபவுட் போன்’ பகுதிக்குள் இருக்கின்றன. 8ஏ மாடலிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் கொள்ளளவின் நிலையும் தெரிகிறது.

சுழற்சி எண்ணிக்கையைச் செயலிகளும் கேட்டுப் பெறும் வசதி 2023 அக்டோபரில் வெளியான ஆண்ட்ராய்டு 14இல்தான் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் உள்ள விதிகள் இந்தப் போக்கை இன்னும் முன்னே தள்ளியிருக்கின்றன. அங்கே விற்கப்படும் ஸ்மார்ட்போனின் பேட்டரி, 800 சுழற்சிகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும்; தயாரித்த தேதி, முதலில் பயன்படுத்திய தேதி, சுழற்சி எண்ணிக்கை, தற்போதைய நிலை ஆகியவற்றைப் பயனர் தானே பார்க்க முடிய வேண்டும். அதற்கு முன் 500 சுழற்சிக்கு 80 சதவீதம் என்பதே பல நிறுவனங்கள் சொல்லிவந்த கணக்கு. அந்தச் சட்டம் இந்தியாவைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும், பணம் கொடுத்து வாங்கிய பொருளின் தேய்மானத்தை வாங்கியவர் தெரிந்துகொள்வது உரிமை என்று ஒரு பெரிய சந்தை சட்டமாகவே எழுதிவிட்ட பிறகு, நம்மிடம் விற்கும் போன்களிலும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைக்க வேண்டும் என்று கேட்க நமக்கு முழு நியாயம் இருக்கிறது.

உங்கள் போனில் இப்படி ஒரு பக்கம் இல்லையென்றால் செயலியைக் கொண்டு அளக்கலாம். அக்யுபேட்டரி போன்ற செயலிகள் செய்வது மந்திரம் அல்ல, எளிய கணக்கு. போனுக்குள் பேட்டரியைக் கண்காணிக்கும் சிறிய சிப் ஒன்று, உள்ளே ஏறும் மின்னோட்டத்தையும் வெளியே போகும் மின்னோட்டத்தையும் இடைவிடாமல் அளந்துகொண்டிருக்கிறது. 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5 முதல் செயலிகள் அந்த எண்களைப் படிக்க முடிகிறது. சார்ஜ் 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏறுவதற்குள் 2400 எம்ஏஎச் உள்ளே போயிருந்தால், 60 சதவீதத்துக்கு 2400 என்றால் நூறுக்கு 4000 என்று செயலி கணக்கிடுகிறது. போனின் அறிவிக்கப்பட்ட கொள்ளளவு 5000 என்பதால், எஞ்சியிருப்பது 80 சதவீதம் என்று காட்டும்.

இந்த எளிய கணக்கில் பிழை நுழைய வழிகள் பல இருக்கின்றன; அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் இந்தச் செயலிகளை நம்பவும் கூடாது, தள்ளிவிடவும் கூடாது. முதலாவது, 85இலிருந்து 95 வரை ஏற்றிவிட்டு வரும் எண்ணுக்கு மதிப்பே இல்லை. சதவீதத்தில் ஒரு புள்ளி பிசகினாலும் விடையில் பத்தில் ஒரு பங்கு பிசகும். குறைந்தது 50, 60 சதவீத ஏற்றங்கள் பலவற்றின் சராசரியைத்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது, நம் ஊரில் அதிகம் விற்கும் போன்கள் பலவற்றில், மின்சாரத்தைச் சேமிப்பதாகச் சொல்லிப் பின்னணியில் ஓடும் செயலிகளை அமைப்பே நிறுத்திவிடுகிறது. அளக்கும் செயலி பாதியில் நிறுத்தப்பட்டால் அது எண்ணிய மின்னோட்டமும் பாதிதான் இருக்கும், பேட்டரி திடீரென்று மோசமாகிவிட்டதுபோலத் தெரியும். அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு கொடுத்துவிட வேண்டும். மூன்றாவது, கொள்ளளவு எண்ணிலேயே இரண்டு உண்டு. போனின் பின்மூடியைத் திறந்து, பசையில் ஒட்டியிருக்கும் கறுப்புப் பேட்டரியின் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்தால், ‘ரேட்டட்’ என்று ஒரு சற்றுக் குறைந்த எண்ணும் ‘டிபிக்கல்’ என்று ஒரு கூடுதல் எண்ணும் இருக்கும். 4900ம் 5000மும் போல. விளம்பரத்தில் வருவது கூடுதல் எண். புதிய போனே 97, 98 சதவீதம் காட்டுகிறதே என்று பதறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் விடை இதுதான்.

நான்காவது பிழை எல்லாவற்றிலும் பெரியது. 65 வாட், 120 வாட் என்று அதிவேகமாகச் சார்ஜ் ஏறும் போன்கள் சிலவற்றில் ஒரே பேட்டரிக்குள் இரண்டு செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. 4500 எம்ஏஎச் என்று விற்கப்படும் ஒன்பிளஸ் 8டி போனுக்குள் இருப்பவை 2250 எம்ஏஎச் கொண்ட இரண்டு செல்கள். தொடர் இணைப்பில் இரண்டிலும் ஒரே மின்னோட்டம் ஓடுவதால், செயலி 2250க்கு அருகில் ஓர் எண்ணைக் கண்டு, பேட்டரி பாதி தேய்ந்துவிட்டது என்று காட்டக்கூடும். அந்த எண்ணை இரண்டால் பெருக்கிக்கொண்டால் போதும். இதை அறியாமல் நல்ல பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சந்தையில் கிடைத்த ஒன்றைப் போட்டுக்கொள்வது, காசும் போய் போனும் கெடும் காரியம்.

கணினி கையில் இருப்பவர்கள் இன்னொரு வழியையும் முயலலாம். செட்டிங்ஸில் மென்பொருள் உருவாக்குபவர்களுக்கென்று இருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதியில் பக் ரிப்போர்ட், அதாவது போன் தன் நிலையைத் தொகுத்துத் தரும் அறிக்கை, எடுத்தால் கிடைக்கும் நீண்ட உரைக் கோப்பில், போன் தானே கற்றுக்கொண்ட பேட்டரிக் கொள்ளளவு சில மாடல்களில் பதிவாகியிருக்கும். முழு சார்ஜ் அளவும் சுழற்சி எண்ணிக்கையும் அதே கோப்பின் பேட்டரி வரிகளில் கிடைப்பதுண்டு. சிப் வைத்திருக்கும் எண்ணை நேராகப் பார்ப்பதால் இது செயலியின் கணக்கைச் சரிபார்க்க உதவும். அந்தக் கோப்பில் உங்கள் போனைப் பற்றிய வேறு பல விவரங்களும் இருக்கும் என்பதால், அதைப் பிறருக்கு அனுப்பிவிடாதீர்கள்.

கடைகளில் சிலர் சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவே செருகும் யுஎஸ்பி மீட்டரை வைத்து அளக்கிறார்கள். நல்ல கருவிதான், ஆனால் அதில் வரும் எம்ஏஎச் எண்ணைப் பேட்டரியின் எம்ஏஎச் எண்ணோடு நேராக ஒப்பிடக்கூடாது. சார்ஜரிலிருந்து 5 வோல்ட்டிலோ 9 வோல்ட்டிலோ வருகிறது. பேட்டரியின் சராசரி மின்னழுத்தம் 3.85 வோல்ட்டை ஒட்டியது. 5000 எம்ஏஎச் பேட்டரியில் அடங்கும் ஆற்றல் சுமார் 19 வாட் மணி. ஒப்பிடுவதானால் மீட்டரின் வாட் மணி எண்ணை எடுத்து, அதில் சூடாக வீணாகும் பத்து முதல் இருபது சதவீதத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். போனை அணைத்துவைத்து ஏற்றினால் இன்னும் துல்லியமாக இருக்கும்.

எந்த வழியில் அளந்தாலும், சிப்பின் கணக்கே தடம் மாறியிருக்க வாய்ப்புண்டு. எப்போதும் 40க்கும் 80க்கும் இடையிலேயே வைத்துப் பயன்படுத்தும் போனில், அடிமட்டமும் மேல்மட்டமும் எங்கே என்பதைச் சிப் மெல்ல மறந்துவிடுகிறது. இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போனை 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கவிட்டு, இடையில் பிடுங்காமல் நூறு வரை ஏற்றி, அதன்பின் சிறிது நேரம் சார்ஜரிலேயே விட்டால் கணக்கு நேராகும். இதனால் பேட்டரி புத்துயிர் பெறாது. அளவுகோல் மட்டும்தான் சரியாகும். அளப்பதற்கு முன் இதை ஒருமுறை செய்துகொள்வது நல்லது.

உள்தடையைப் பற்றி முன்பு சொல்லியிருந்தேன். இருபது சதவீதம் காட்டும்போதே போன் அணைந்துவிடும் புகாருக்கு அநேகமாக அதுவே காரணம். கேமராவைத் திறக்கும்போதோ வீடியோ அழைப்பு வரும்போதோ போன் திடீரென்று 2 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். உள்தடை 0.1 ஓம் என்றால் மின்னழுத்தம் 0.2 வோல்ட் மட்டும் சரியும். தேய்ந்த பேட்டரியில் தடை 0.25 ஓம் ஆகியிருந்தால் 0.5 வோல்ட் சரியும். 3.6 வோல்ட்டில் இருந்த பேட்டரி நொடியில் 3.1க்கு இறங்க, பாதுகாப்புக்காகப் போன் தன்னை அணைத்துக்கொள்கிறது. உள்ளே சார்ஜ் மிச்சம் இருக்கிறது. ஆனால் வேண்டிய வேகத்தில் வெளியே வர முடியவில்லை. கொள்ளளவு 85 சதவீதம் என்று அளவீடு சொல்லியும் போன் இப்படி அணைந்துகொண்டிருந்தால், அளவீட்டை விட்டுவிட்டு அந்த அறிகுறியை நம்புங்கள். குளிரிலும் உள்தடை கூடும் என்பதால் குளிர்நாடுகளில் இதைப் பருவத்தின் மேல் போடுவார்கள். நாகர்கோவிலில் அதற்கு இடமில்லை.

மறுபக்கம், தேய்மானம் இல்லாமலேயே சார்ஜ் வேகமாகத் தீர்வதும் இந்த மாவட்டத்தில் சாதாரணம். பேச்சிப்பாறை, கோதையாறு மலைப்பகுதிகளில் சிக்னல் பலவீனமாக இருக்கும்போது, கோபுரத்தைத் தொடுவதற்குப் போன் தான் சிக்னல் அனுப்பும் ஆற்றலைக் கூட்டிக்கொண்டே இருக்கிறது. சிக்னல் அறவே இல்லாத இடத்தில் ஓயாமல் தேடிக்கொண்டிருக்கிறது. களியக்காவிளை, கொல்லங்கோடு போன்ற எல்லை ஊர்களில் போன் தமிழ்நாட்டுக் கோபுரத்துக்கும் கேரளக் கோபுரத்துக்கும் மாறி மாறித் தாவுவதை அங்கே இருப்பவர்கள் நன்றாக அறிவார்கள். குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் ஒருவரின் போன் அங்கே மத்தியானத்துக்குள் தீர்ந்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ராத்திரி வரை நிற்கிறது என்றால், பேட்டரியைக் குறைசொல்வதில் அர்த்தமில்லை. ஒரே போனை இரண்டு இடங்களில் ஒப்பிட்டுப் பார்ப்பதே இதற்குப் போதுமான சோதனை. வேலையிடத்தில் தேவையில்லாத நேரத்தில் ஏரோப்பிளேன் மோடில் போட்டுப் பார்த்தாலும் வேறுபாடு தெரிந்துவிடும்.

கடற்கரை ஊர்களில் இன்னொன்று. முட்டம், மணவாளக்குறிச்சி, தேங்காய்ப்பட்டணம் பக்கம் உப்புக்காற்றில் சார்ஜிங் போர்ட்டின் ஊசிமுனைகள் பச்சை படிந்து அரிக்கும். அப்போது சார்ஜ் மெதுவாக ஏறும், விட்டுவிட்டு ஏறும், காலையில் எழுந்து பார்த்தால் அறுபதில் நிற்கும். பேட்டரியில் ஏறுவது மெதுவாக இருப்பது தேய்மானத்தின் அடையாளம் அல்ல. முழுக்க ஏறிய பின் விரைவாக இறங்குவதுதான் அடையாளம். டார்ச் அடித்துப் போர்ட்டுக்குள் பாருங்கள், வேறு கேபிளை மாட்டிப் பாருங்கள். அந்த இரண்டுக்கும் பிறகுதான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும்.

வளைகுடாவிலிருந்து வரும் போன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மார்த்தாண்டம், குளச்சல் வட்டாரத்தில் அவை இல்லாத வீடு அரிது. கொண்டுவந்த போன் யாருக்காவது கொடுப்பதற்கென்று பெட்டியோடு பீரோவில் இரண்டு ஆண்டு கிடப்பதுண்டு. பெட்டி பிரிக்காததால் அது புதியது ஆகிவிடாது. பேட்டரி தானாகவே மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். மிகவும் தாழ்ந்த மின்னழுத்தத்தில் நெடுநாள் கிடந்தால் உள்ளே மீளமுடியாத சேதம் ஏற்படும். அப்படி ஒன்றைத் திறக்கும்போது முதல் வேலை, தயாரித்த தேதியைப் பார்த்து, முழுதாக ஒருமுறை ஏற்றி அளந்துவிடுவது. இனி எடுத்துவைக்கப்போகும் போன் என்றால் பாதிச் சார்ஜில் அணைத்து, சூடு படாத இடத்தில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் பாதி வரை ஏற்றிவைக்க வேண்டும்.

பழைய போனைக் கடையில் நின்று வாங்கும்போது பல தடவை ஏற்றி இறக்கி அளக்க நேரம் இருக்காது. அங்கே செய்யக்கூடியது, சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கும்போது திரை வெளிச்சத்தை முழுதாக வைத்து அரை மணி நேரம் வீடியோ ஓடவிட்டு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதும், நடுவே கேமராவையும் ஃபிளாஷையும் போட்டுத் திடீர்ச் சரிவு வருகிறதா என்று கவனிப்பதும்தான். பின்மூடி எங்காவது தூக்கியிருக்கிறதா, திரையின் ஓரத்தில் இடைவெளி தெரிகிறதா என்பதை விரல்நுனியால் தடவிப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். உள்ளே வாயு சேர்ந்து வருவது இந்த உப்பல். அப்படிப்பட்ட போனை எவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் வாங்கக்கூடாது. சொந்தப் போன் உப்பியிருந்தால் சார்ஜ் போடுவதை அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். மூடியை அழுத்தி ஒட்டவைப்பதோ, ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றுவதோ தீப்பிடிப்பில் முடியும். இந்த விஷயத்தில் கொள்ளளவு எத்தனை சதவீதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

உப்பல் இல்லாத நிலையில் எப்போது மாற்றலாம்? 80 சதவீதத்துக்குக் கீழே வந்தால் மாற்றலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. அதை நான் ஒரு கட்டளையாகக் கருதவில்லை. வீட்டில் அழைப்புக்கு மட்டும் பயன்படும் போன் 70 சதவீதத்திலும் நன்றாக ஓடும். கடலுக்குப் போகிறவருக்கோ நாள் முழுக்க மேப் பார்த்து ஓட்டும் ஆட்டோக்காரருக்கோ 85 சதவீதத்திலேயே மாற்றிவிடுவது சரியாக இருக்கலாம். ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை அளந்து, சரிவு எந்த வேகத்தில் போகிறது என்று பார்ப்பது ஒற்றை எண்ணைவிடப் பயனுள்ளது.

அந்த வேகத்தைக் குறைப்பதற்கும் வழி இருக்கிறது. சாம்சங், பிக்சல் உள்ளிட்ட பல போன்களில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி செட்டிங்ஸில் உண்டு. படகிலும் கடைக் கவுண்டரிலும் எப்போதும் வயரில் கிடக்கும் போனுக்கு இதைவிடப் பயன் தரும் வசதி வேறில்லை. பைக்கின் கைப்பிடியில் மாட்டிய போனை உச்சி வெயிலில் மேப் ஓடவிட்டுக்கொண்டே சார்ஜும் போடுவது, நிறுத்திய காரின் முன்பலகையில் விட்டுச்செல்வது, தலையணைக்கு அடியில் வைத்து ஏற்றுவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். லித்தியம் அயன் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வது கேடு; அக்யுபேட்டரி போன்ற செயலிகளில் பேட்டரியின் வெப்பநிலை தெரியும், அதை ஒரு கோடை நாளில் பார்த்துக்கொண்டால் எந்தப் பழக்கம் எவ்வளவு சூட்டைத் தருகிறது என்பது கண்முன் வந்துவிடும்.

மாற்றுவது என்று முடிவானால், போன் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் மாற்றுவதே முதல் தேர்வு. வெளியில் மாற்றினால், பேட்டரியின் மேல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குறியும், ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிகளுக்கு அந்தப் பதிவு கட்டாயம். அச்சிட்ட எம்ஏஎச் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், அதை யாரும் எப்படியும் அச்சிடலாம். சில மாடல்களில் பேட்டரியைக் கண்காணிக்கும் சிப் போனின் பலகையில் இருப்பதால், புதிய பேட்டரி போட்ட பிறகும் பழைய சுழற்சி எண்ணிக்கையே தொடர்வதுண்டு. அதைக் கண்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. ஒருமுறை முழுக்க இறக்கி ஏற்றிய பின், 20இலிருந்து 80 வரை ஏறும் மின்னோட்டத்தை முன்பு சொன்ன முறையில் சில தடவை அளந்து, கடைக்காரர் கொடுத்த உத்தரவாதக் காலம் முடிவதற்குள் அந்த எண்ணோடு போய்ப் பேசுங்கள். கழற்றிய பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாமல் கடையிலேயே ஒப்படைத்துவிடுங்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழையவற்றைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது.